பக்கவாதம்: வீட்டிலிருந்து சிறப்புப் பிரிவு வரை



இவ்வுரை இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுகிறது. ஒருவருக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது என்பதை மருத்துவம் படிக்காத வீட்டார் எப்படி அடையாளம் காண்பது என்பது முதலாவது. அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் மருத்துவமனையில் 'ஸ்ட்ரோக் யூனிட்' என்று பெயர் தாங்கி நிற்கும் சிறப்புப் பிரிவு, பொது வார்டிலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது என்பது இரண்டாவது. தனித்தனியாகத் தோன்றினாலும் இவை ஒரே கேள்வியின் இரு பாதிகள். பக்கவாதச் சிகிச்சையின் வெற்றி, யார் எதை எந்த நேரத்துக்குள் செய்ய வேண்டும் என்ற ஏற்பாட்டைப் பெரிதும் சார்ந்திருக்கிறது என்பதும், அந்த ஏற்பாட்டில் முதல் ஆளாக நிற்பவர் நோயாளியின் பக்கத்தில் இருப்பவரே என்பதும் கடந்த முப்பது ஆண்டு ஆராய்ச்சியின் சாரம்.

மூளைக்குள் நடப்பது

உடல் எடையில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, இதயம் செலுத்தும் இரத்தத்தில் ஏழில் ஒரு பங்கைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது. பிராணவாயுவைச் சேமித்து வைக்கும் வசதி அதற்கு இல்லையாதலால், இரத்த ஓட்டம் முற்றிலும் நின்ற இடத்தில் சில நிமிடங்களிலேயே செல்கள் மடியத் தொடங்குகின்றன. இந்த ஓட்டம் தடைப்படும் வழிகள் இரண்டு. தமனி எனப்படும் இரத்தக்குழாயில் உறைகட்டி சிக்கி அடைத்துக்கொள்வது முதல் வகை. பக்கவாதங்களில் பெரும்பாலானவை இவ்வகையே. உயர் இரத்த அழுத்தத்தால் நாளடைவில் நைந்துபோன சிறு குழாய் வெடித்து, மூளைக்குள்ளேயே இரத்தம் கசிவது இரண்டாம் வகை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்; ஆனால் ஒன்றுக்கு உயிர் காக்கும் மருந்து மற்றொன்றுக்கு உயிர் பறிக்கும் மருந்தாகிவிடும் என்பதால், ஸ்கேன் எடுக்காமல் எந்த மருத்துவரும் துணிந்து மருந்து செலுத்த இயலாது.

அடைப்பு ஏற்பட்டவுடன் அந்தக் குழாயை நம்பியிருந்த பகுதி முழுவதும் ஒரேயடியாக அழிந்துவிடுவதில்லை. நடுவில் ஒரு சிறு பகுதி உடனே மடிய, அதைச் சுற்றியுள்ள திசு, பக்கத்துக் குழாய்களிலிருந்து கசிந்து வரும் சிறிதளவு இரத்தத்தைக் கொண்டு, செயல் இழந்தும் உயிர் இழக்காமல் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது. கிரகணத்தின்போது முழு இருளைச் சூழ்ந்திருக்கும் மங்கல் வட்டத்தை ஒத்த இப்பகுதியை மருத்துவர்கள் 'புறநிழல்' என்பர். இதைக் காப்பாற்றுவதே பக்கவாத அவசர சிகிச்சையின் முழு நோக்கம். பெரிய குழாய் அடைத்து, சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் சராசரியாக 19 இலட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்று அமெரிக்க நரம்பியல் அறிஞர் ஜெஃப்ரி சேவர் 2006ஆம் ஆண்டு கணக்கிட்டுக் காட்டினார். ஆளுக்கு ஆள் இந்த வேகம் மாறுபடும் என்றாலும், தாமதத்தின் விலை என்ன என்பதை விளக்க அந்த ஒரு கணக்கே போதும்.

அறிகுறிகளும் அவற்றைச் சோதிக்கும் முறையும்

மாரடைப்பில் நெஞ்சு வலி மனிதனை அலற வைக்கிறது. பக்கவாதத்தில் பெரும்பாலும் வலியே இருப்பதில்லை. கை மரத்தது போலிருக்கிறது, சற்றுப் படுத்தால் சரியாகிவிடும் என்று நோயாளியே சொல்வார்; மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்குத் தம் இடக்கை அசையவில்லை என்பதே உணர்வில் படாது. எனவே நோயாளியின் சொல்லை நம்பிக் காத்திருக்காமல், பக்கத்தில் இருப்பவர் தாமே சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கென 1990களின் இறுதியில் இங்கிலாந்தின் ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்காக உருவாக்கப்பட்ட முறையே 'ஃபாஸ்ட்' சோதனை. முகம், கை, பேச்சு என்ற மூன்றை மட்டும் பார்த்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு விரைவது அதன் சுருக்கம்.

முகத்தைச் சோதிக்க, பல் தெரியச் சிரிக்கச் சொல்ல வேண்டும். வாயின் ஒரு கோடி மேலேறாமல் தொங்கினால் அது அறிகுறி. கையைச் சோதிக்க, கண்களை மூடிக்கொண்டு இரு கைகளையும் உள்ளங்கை மேல்நோக்கியிருக்க முன்னால் நீட்டிப் பத்து எண்ணும் வரை வைத்திருக்கச் சொல்ல வேண்டும். பலவீனமான கை மெல்ல உட்புறமாகத் திரும்பிக் கீழே இறங்கும். இது நோயாளிக்கே தெரியாமல் நடப்பதால்தான் கண்களை மூடச் சொல்வது. பேச்சைச் சோதிக்க, எளிய வாக்கியம் ஒன்றைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, நாக்கு குழறுகிறதா, சொற்கள் மாறிப்போகின்றனவா, சொல்வதே அவருக்குப் புரியவில்லையா என்று கவனிக்க வேண்டும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே தெருவில் புழங்கும் பெங்களூரின் மர்பி டவுன் போன்ற இடத்தில் இச்சோதனையை நோயாளியின் தாய்மொழியிலேயே செய்வது நல்லது; பிற்காலத்தில் கற்ற மொழியில் தடுமாறுவது எப்போதும் நோயின் அடையாளம் ஆகாது.

இம்மூன்றோடு பிற்காலத்தில் நிலைதடுமாற்றமும் கண்ணும் சேர்க்கப்பட்டன. சிறுமூளையிலும் மூளைத்தண்டிலும் அடைப்பு ஏற்படும்போது கையும் காலும் வலுவுடன் இருக்க, நோயாளி நிற்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்வார். பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும். ஒரு கண்ணிலோ பார்வையின் ஒரு பாதியிலோ திடீரென இருள் கவியும். இதுவரை கண்டிராத கடுமையான தலைவலி நொடிப்பொழுதில் தாக்குமாயின் இரத்தக்கசிவை ஐயுற வேண்டும். இவை அனைத்துக்கும் பொதுவான அடையாளம், அவை திடீரென வருவது. மாதக்கணக்கில் மெல்ல வளரும் மரமரப்பு வேறு நோய்களைச் சேர்ந்தது.

கால் மணியிலோ அரை மணியிலோ தாமாகவே மறைந்துவிடும் அறிகுறிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தற்காலிகப் பக்கவாதம் எனப்படும் இந்நிலையில் உறைகட்டி தானாகக் கரைந்து வழி விட்டிருக்கிறது; அதை உண்டாக்கிய காரணம் அப்படியே இருக்கிறது. கை சரியாகிவிட்டது என்று நிம்மதி அடையும் அந்த முதல் இரண்டு நாட்களே முழுப் பக்கவாதம் வரும் அபாயம் மிகுந்த நாட்கள். இத்தகையோருக்கு உடனடியாகப் பரிசோதனை செய்து மருந்து தொடங்கினால், மீண்டும் தாக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குறைகிறது என்பதை 2007இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபர்டு ஆய்வொன்று காட்டியது. மறைந்துபோன அறிகுறியும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிதான்.

வீட்டில் செய்யத்தக்கதும் தகாததும்

அறிகுறி ஒன்று தென்பட்டாலும் முதலில் செய்ய வேண்டியது கடிகாரத்தைப் பார்ப்பது. மருத்துவமனையில் கேட்கப்படும் முதற் கேள்வி, நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரம் எது என்பதே. காலை ஆறு மணிக்கு எழுந்திருக்கும்போது கை விழுந்திருந்தால், தொடங்கிய நேரம் ஆறு என்று கொள்ளப்படுவதில்லை; இரவு படுக்கப் போன நேரமோ, இடையில் எழுந்து நடமாடியதை யாரேனும் பார்த்த நேரமோதான் கணக்கு. இந்த ஒரு தகவலைச் சரியாகச் சொல்ல இயலாததாலேயே மருந்து பெறும் வாய்ப்பை இழப்போர் உண்டு. நேரத்தோடு, அவர் உட்கொள்ளும் மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துச் செல்ல வேண்டும். இரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவரா என்பது சிகிச்சையையே மாற்றிவிடும்.

தகாதவற்றின் பட்டியல் நம் வீடுகளில் நீளமானது. சோடாவோ காப்பியோ புகட்டுவது தவறு. விழுங்கும் தசைகள் செயலிழந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். பிபி ஏறியிருக்கிறது என்று கையிலிருக்கும் மாத்திரையைக் கொடுப்பதும் தவறு. அடைப்பைத் தாண்டி இரத்தத்தைச் செலுத்துவதற்காக உடலே அழுத்தத்தை உயர்த்தியிருக்கக்கூடும், அதைச் சட்டென இறக்கினால் புறநிழல் பகுதிக்குக் கிடைத்துவந்த சிறிதளவு இரத்தமும் நின்றுபோகும். மாரடைப்புக்கு உதவும் ஆஸ்பிரின் இங்கே இரத்தக்கசிவாக இருந்தால் கேடு செய்யும். எண்ணெய் தேய்த்து உருவுவதும், புறா இரத்தம் பூசுவதும் நேரத்தைத் தின்பவை. சர்க்கரை நோயாளியாக இருந்து வீட்டில் கருவி இருந்தால் இரத்தச் சர்க்கரையைப் பார்ப்பது மட்டும் பயனுள்ளது; சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலும் பக்கவாதத்தின் தோற்றம் வரும்.

அடுத்தது எங்கே செல்வது என்பது. பக்கத்துக் கிளினிக்கில் காட்டி, அங்கிருந்து நர்சிங் ஹோமுக்குப் போய், அங்கே ஸ்கேன் இல்லை என்று மூன்றாவது இடத்துக்கு அனுப்பப்படுவதற்குள் மணிகள் கரைந்துவிடுகின்றன. மர்பி டவுனிலிருந்து பார்த்தால் சிவாஜிநகரின் பௌரிங் மருத்துவமனை, கோரமங்கலாவின் செயின்ட் ஜான்ஸ், ஓசூர் சாலையின் நிம்ஹான்ஸ், பழைய விமான நிலையச் சாலையின் தனியார் மருத்துவமனைகள் என்று வழிகள் பல. பழைய மதராஸ் சாலை நெரிசலில் எந்த வழி எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை இங்கு வாழ்பவர்களே நன்கு அறிவர். தேர்வு செய்வதற்கான அளவுகோல் ஒன்றுதான்: இரவு பகல் எந்நேரமும் சிடி ஸ்கேன் எடுத்து, உறைவு கரைக்கும் மருந்தைச் செலுத்தத் தயாராக உள்ள மருத்துவமனைகளில் மிக அருகிலுள்ளது எது? அதை நோய் வந்த பிறகு விசாரிக்க நேரமிராது. வருவதற்கு முன்னரே தெரிந்துவைத்திருக்க வேண்டும். 'ஆரோக்கிய கவசம்' என்ற பெயரில் 2008 முதல் கர்நாடகத்தில் இயங்கும் 108 ஆம்புலன்ஸை அழைக்கும்போது, மயக்கம் என்று பொதுவாகச் சொல்லாமல் பக்கவாத அறிகுறி என்று வெளிப்படையாகச் சொல்வதும், செல்லுமிடத்துக்கு முன்கூட்டியே தொலைபேசியில் தெரிவிப்பதும் வாசலில் வீணாகும் நிமிடங்களைக் குறைக்கும்.

மருத்துவமனையின் முதல் ஒரு மணி நேரம்

ஆயத்தமாக உள்ள மருத்துவமனையில் நோயாளி நுழைந்ததும் ஸ்ட்ரோக் குழுவுக்கு ஒரே அழைப்பில் செய்தி போகிறது. ஒரு செவிலியர் விரல் நுனியில் சர்க்கரையைப் பார்த்து, நரம்பில் ஊசிவழி அமைக்கிறார். மருத்துவர் கண்ணசைவு, கை, கால், பேச்சு, உணர்வு ஆகியவற்றுக்குத் தனித்தனி மதிப்பெண் இட்டு நோயின் கடுமையை அளவிடுகிறார். உறவினரிடம் நேரமும் மாத்திரைகளும் கேட்டறியப்படும்போதே ஸ்ட்ரெச்சர் ஸ்கேன் அறையை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். சிடி படத்தில் புதிய இரத்தக்கசிவு வெண்மையாகத் தெளிவாகத் தெரியும். அடைப்போ முதல் சில மணிகளில் பெரும்பாலும் எதையும் காட்டுவதில்லை. ஆகவே அறிகுறிகள் இருக்கப் படம் சாதாரணமாக இருந்தால், ஒன்றுமில்லை என்று அது பொருள்படாது. கசிவு இல்லை, மருந்து செலுத்தலாம் என்றே பொருள். வாசலில் நுழைந்தது முதல் மருந்து ஏறுவது வரை அறுபது நிமிடங்களுக்கு மிகக்கூடாது என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட இலக்கு.

அந்த மருந்தின் வரலாறு நெடியதன்று. அல்டிப்ளேஸ் என்னும் உறைவு கரைப்பு மருந்து மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட்டால் ஊனமின்றித் தேறுவோர் தொகை கூடுகிறது என்பதை 1995இல் அமெரிக்க ஆய்வு நிறுவியது. 2008இல் ஐரோப்பிய ஆய்வு அந்த எல்லையை நான்கரை மணி நேரமாக நீட்டியது. அதே 1995 ஆய்வில் மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேர் அளவில் மூளையில் இரத்தக்கசிவுக்கு உள்ளாயினர் என்பதையும் மறைப்பதற்கில்லை. அந்த அபாயத்தைக் கணக்கில் கொண்ட பிறகும் நன்மையே மிகுந்தது. எனினும் தகுதியற்றவருக்குக் கொடுக்காமலிருக்க இரத்த அழுத்தம் 185/110க்குக் கீழே இருத்தல், அண்மையில் அறுவை நடந்திராமை போன்ற நிபந்தனைகள் கண்டிப்பாகப் பார்க்கப்படுகின்றன. ஒரு மணி நேரம் சொட்டுச்சொட்டாக ஏற்ற வேண்டிய அல்டிப்ளேஸுக்கு மாற்றாக, ஒரே ஊசியாகச் செலுத்தக்கூடிய டெனக்டிப்ளேஸ் இந்தியாவில் தயாரிக்கப்பட்டுப் புழக்கத்தில் உள்ளது.

கழுத்திலோ மூளையின் அடிப்பகுதியிலோ பெரிய குழாய் அடைத்திருந்தால் மருந்து மட்டும் பெரும்பாலும் போதாது. தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கம்பிவலையாலோ உறிஞ்சியோ உறைகட்டியை வெளியே எடுக்கும் முறையின் பயனை 2015இல் அடுத்தடுத்து வெளியான ஐந்து ஆய்வுகள் ஐயமின்றி உறுதிப்படுத்தின. 2018இல் வெளிவந்த ஆய்வுகளோ, புறநிழல் பகுதி இன்னும் உயிரோடிருப்பதாக ஸ்கேன் காட்டினால், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் இம்முறை உதவும் எனக் காட்டின. இதைக் கேட்டு, ஒரு நாள் அவகாசம் இருக்கிறது என்று எவரும் கொள்ளலாகாது. நீட்டிக்கப்பட்ட எல்லை தாமதமாக வந்தவருள் சிலருக்கான வழியே தவிர, தாமதிப்பதற்கான உரிமை அன்று.

சிறப்புப் பிரிவின் உண்மையான வலிமை

அவசர மருந்தும் உறைவு நீக்கமும் குறித்த காலத்துக்குள் வரும் ஒரு பகுதியினருக்கே பயன்படும். பக்கவாதச் சிறப்புப் பிரிவோ அடைப்பு, கசிவு என்ற வேறுபாடின்றி, வயது வேறுபாடின்றி, தாமதமாக வந்தவருக்கும் பயன் தருகிறது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்த அறிஞர் குழு 1990கள் முதல் திரும்பத் திரும்பக் கண்டது இதுதான்: பக்கவாதத்துக்கென்றே பயிற்சி பெற்ற மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோர் ஒரே வார்டில் ஒருங்கிணைந்து பார்த்துக்கொண்டால், உயிர் பிழைப்போரும், பிறர் துணையின்றி வீட்டில் வாழத் திரும்புவோரும் பொது வார்டைவிட மிகுதி.

அங்கே நடப்பவை பார்வைக்கு எளியவை. வாய்வழி எதையும் கொடுப்பதற்கு முன், நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு தேக்கரண்டித் தண்ணீரைக் கொடுத்து, தொண்டை அசைவதைப் பார்த்து, இருமல் வருகிறதா, குரல் ஈரப்பட்டுக் கரகரக்கிறதா என்று செவிலியர் கவனிக்கிறார். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உணவும் மாத்திரையும் மூக்குக் குழாய் வழியேதான். காய்ச்சலும் சர்க்கரையும் நேரந்தோறும் அளக்கப்பட்டு உடனுக்குடன் குறைக்கப்படுகின்றன. இந்த மூன்றை மட்டும் செவிலியர்கள் விடாமல் கடைப்பிடித்த ஆஸ்திரேலிய வார்டுகளில் மூன்று மாதம் கழித்து இறப்பும் ஊனமும் குறைந்திருந்தன என்பதை 2011இல் வெளிவந்த ஆய்வு தெரிவித்தது. புதிய மருந்து எதுவும் அங்கே சேர்க்கப்படவில்லை. இரத்தக்கசிவுக்கும் இதே பாடம் பொருந்தும். இந்தியாவும் இலங்கையும் பங்கேற்ற, 2023இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, ஒரு மணி நேரத்துக்குள் மேல் அழுத்தத்தை 140க்குக் கீழே கொண்டுவருவதோடு சர்க்கரை, காய்ச்சல், இரத்த இளக்கி ஆகியவற்றையும் ஒருசேரக் கையாண்டால் ஊனம் குறைகிறது என்று நிறுவியது.

ஊக்கம் மட்டும் போதாது, முறை அறிந்திருக்க வேண்டும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. நோயாளியை முதல் 24 மணி நேரத்திலேயே அடிக்கடி எழுப்பி நடக்கவைப்பது நல்லது என்று கருதப்பட்டு வந்தது. 2015இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, அப்படி நடக்கவைக்கப்பட்டவர்கள் தேறியது குறைவு என்று காட்டியது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் நடந்து 2017இல் வெளியான 'அட்டெண்ட்' ஆய்வு, நோயாளியின் உறவினருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டிலேயே மறுவாழ்வுப் பயிற்சி அளிக்கச் செய்து பார்த்தது. ஆறு மாத முடிவில் அதனால் வேறுபாடு ஏதும் ஏற்படவில்லை. அவ்வாய்வை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் பாண்டியன் பின்னாளில் உலகப் பக்கவாத அமைப்பின் தலைவரானார். பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரின் வேலையை மகளின் தலையிலோ மருமகளின் தலையிலோ இறக்கிவைத்துவிட்டு அமைப்பு கைகழுவ முடியாது என்பதே அம்முடிவு உணர்த்துவது. உறவினரின் அன்பு வேண்டும். அதோடு வாரந்தோறும் வந்து பார்க்கும் தொழிலறிவும் வேண்டும்.

மீள்வதைப் பற்றிய மற்றொரு செய்தி இவ்வூருக்கு நெருக்கமானது. இப்போது நிம்ஹான்ஸில் பணியாற்றும் சுவர்ணா அல்லாடி, முன்பு ஹைதராபாத்தில் 608 பக்கவாத நோயாளிகளை ஆராய்ந்தபோது, பல மொழி பேசுவோரில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு அறிவுத்திறன் பழுதின்றி இருந்ததையும், ஒரு மொழி மட்டும் பேசுவோரில் அது நூற்றுக்கு இருபதாக இருந்ததையும் கண்டார். மூளையைக் கொண்டு நாள்தோறும் செய்யும் வேலை, அடிபட்ட மூளைக்குச் சேமிப்பாக உதவக்கூடும் என்பது அறிஞர் கருத்து.

தடுப்பும் ஊரின் பொறுப்பும்

பக்கவாதம் விதியால் வருவதன்று. பெங்களூரின் செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்ற 'இன்டர்ஸ்ட்ரோக்' ஆய்வு 32 நாடுகளின் தரவைக் கொண்டு 2016இல் கூறியபடி, மாற்றிக்கொள்ளக்கூடிய பத்துக் காரணங்களே பக்கவாத அபாயத்தில் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குப் பொறுப்பு. அவற்றுள் தலையாயது உயர் இரத்த அழுத்தம். அழுத்தம் சரியாகிவிட்டது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவதுதான் நம்மிடையே பரவலான பிழை. மாத்திரையால்தான் அது சரியாக இருக்கிறது. புகையிலை, மது, உப்பு, சர்க்கரை நோய், அசையாத வாழ்க்கை, இதயத் துடிப்பின் ஒழுங்கின்மை ஆகியவை அடுத்து வருவன.

மர்பி டவுனுக்கு நோயை ஏற்பாட்டால் எதிர்கொண்ட வரலாறு உண்டு. முன்னர் நாக்ஸ்பேட்டை என வழங்கிய இப்பகுதி, 1898இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக்கின் பின்விளைவாக, நெரிசலைக் குறைத்துக் காற்றும் வெளிச்சமும் வடிகாலும் அமையக் கண்டோன்மென்ட்டில் திட்டமிடப்பட்ட குடியிருப்புகளின் வரிசையில் வந்து, பொறியாளர் மர்பியின் பெயரைப் பெற்றது. தனி மருத்துவரின் திறமையைவிடத் தெருவின் அமைப்பு நோயைத் தடுக்க வல்லது என்று அக்காலத்தார் அறிந்திருந்தனர். இக்காலத்துக்குரிய ஏற்பாடுகளும் தொடங்கியிருக்கின்றன. நிம்ஹான்ஸும் கர்நாடக அரசும் நிதி ஆயோக்கும் 2022இல் தொடங்கிய கர்நாடக மூளைநல முன்முயற்சி, ஆரம்ப சுகாதார மருத்துவர்களுக்குப் பக்கவாதம் உள்ளிட்ட மூளை நோய்களை அடையாளம் காணப் பயிற்சி அளிக்கிறது. தமிழ்நாட்டின் விபத்து மற்றும் அவசர சிகிச்சை முன்முயற்சியும் பக்கவாதத்தைத் தன் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது.

அரசு செய்வதோடு ஊர் செய்ய வேண்டியதும் இருக்கிறது. குடியிருப்போர் சங்கமும், கோயில், தேவாலயம், மசூதி நிர்வாகங்களும் ஒன்றுகூடி, சுற்றுவட்டார மருத்துவமனைகளிடம் மூன்று கேள்விகளை எழுதிக் கேட்கலாம்: நள்ளிரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் சிடி ஸ்கேன் உண்டா? உறைவு கரைப்பு மருந்து கையிருப்பில் உண்டா, அதை முடிவு செய்யும் மருத்துவர் எப்போதும் அழைப்பில் இருக்கிறாரா? உறைவு நீக்கும் வசதி இல்லையென்றால் எங்கே, எவ்வளவு நேரத்தில் அனுப்புவார்கள்? வரும் விடைகளைத் தமிழிலும் கன்னடத்திலும் உருதிலும் ஒரே தாளில் அச்சிட்டு, ஆட்டோ நிறுத்தத்திலும் ரேஷன் கடையிலும் மருந்துக் கடையிலும் ஒட்டி, ஆண்டுக்கொருமுறை உலகப் பக்கவாத நாளான அக்டோபர் 29 அன்று சரிபார்த்துப் புதுப்பிக்கலாம். அந்தத் தாளை அச்சிட ஆகும் செலவு சொற்பம். அதில் எழுதப்படும் விடைகளைப் பொறுத்தே, நம் மருத்துவமனைகளிடம் அடுத்து எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதும் தெரியவரும்.